அடைப்பு

வெட்டூர்ணிமடம் பெண்கள் விடுதியில்
குளியலறை எட்டு.
ஒவ்வொன்றின் தரையிலும் ஒரு சல்லடை,
அதற்குள் இறங்க என் கொக்கிக் கம்பி.
பதினோரு வருசம்.
வார்டன் புளோரிபாய் போன் பண்ணுவார்:
"தோபியாஸ், தண்ணி நிக்குது."
அதை வைத்துத்தான் எனக்கு மாதம் தெரியும்.

சித்திரையில் கூப்பிடமாட்டார்.
வெயில் காலத்தில் தலை
முடியை விடாமல் பிடித்துக்கொள்ளும் போல.
இடவப்பாதி பிடித்ததும்
காயாத கூந்தலை அப்படியே முடிந்து
பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.
அந்த ஈரத்தின் புளித்த வாடை
பொடுகோடு சேர்ந்து குழாயில் இறங்கும்.
ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்று
பின்னலைக் கலைத்துவிட்டுப் போகும்;
சிக்கெடுத்த பந்துகள்
சன்னல் கம்பியில், வாளிக்கடியில்,
ஒருதரம் சோப்புப் பெட்டிக்குள்ளேயே.

ஆவணி, புரட்டாசி எனக்கு அறுவடை.
அத்தப்பூ வாடி முடியுமுன்
இரண்டு போன் வந்துவிடும்.
ஓர் இழுப்புக்கு ஒரு முழம்:
கறுப்பு, மருதாணிச் செம்பட்டை,
வெளுத்துக்கொண்டிருக்கும் ஊதா ஒன்று
(எட்டாம் அறை ஷெர்லின், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள்).

"முடி கொழியுது, கொழியுது" என்று
மாடி முழுக்க ஒரே பேச்சு.
ஒருத்தி போர் தண்ணியைச் சொல்வாள்,
ஒருத்தி மெஸ் சாம்பாரை.
குலசேகரத்துக்காரி செம்பருத்தித் தாளி அரைத்து
விடுதி மிக்சியை வழுக்கவிட்டு ஏச்சு வாங்குவாள்.
கருங்கல்காரி ஹார்லிக்ஸ் பாட்டிலில்
உருக்கெண்ணெய் கொண்டுவருவாள்.
மார்கழி விடியலில் அந்த எண்ணெய்
குழாய் வளைவில் உறைந்து நிற்கும்.
அதற்கு நான் நூறு ரூபாய் கூடக் கேட்பேன்.

"மொட்டை ஆயிடுவேனா அண்ணா?"
"ரப்பர் மரத்தைத் தை மாசம் பாத்திருக்கியா, பிள்ளே?
ஒரு இலை நிக்காது.
மாசியில தளிர்க்கும். செத்தா போகுது?"
சொல்லிவிட்டு
என் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வேன்.
என் தலை ரப்பர் மரமல்ல.

துலாமழையோடு குறையும்.
கார்த்திகையில் கொக்கி துருவேறும்.

காற்றடித்த வருசம் கணக்கு தப்பியது.
கார்த்திகை நடுவில் அடித்தது.
வாழை படுத்தது, எட்டு நாள் கரண்டு இல்லை,
விடுதியைப் பூட்டினார்கள்.
கடற்கரைப் பிள்ளைகள் மூன்று பேர்
தை பிறந்துதான் திரும்பினார்கள்.

மாசியில் போன் வந்தது.
மாசியில்.
"மூணாவது குளியலறை, தோபியாஸ்."
கொக்கியை விட்டேன், வந்தது.
மறுபடி விட்டேன், வந்தது.
ஒரே நிறம், ஒரே நீளம்,
வேரில் வெள்ளையாய்ச் சின்னச் சின்ன மணி.
எல்லாம் ஒரு தலையினுடையது.

சகாய திரேஸ் கதவருகே நின்றாள்,
துண்டைத் தலையில் இறுக்கச் சுற்றி.
"உடம்புக்கு அதிர்ச்சி வந்தா
முடிக்கு உடனே தெரியாதாம் அண்ணா.
மூணு மாசம் கழிச்சுத்தானாம். டாக்டர் சொன்னாங்க."
விரல்களை மடக்கினாள்.
மார்கழி. தை. மாசி.
"அப்பாவைத் தேட கப்பல் போச்சே,
அப்ப நான் அழல.
ஏன் அழலன்னு எல்லாரும் கேட்டாங்க."

ரப்பர் மரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

எடுத்ததை வழக்கமாகப் பழைய பேப்பரில் சுருட்டி
சாக்கில் போடுவேன்.
அன்று குழாயைத் திறந்து
நுரை போகும்வரை அலசினேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
அவள் கை நீட்டினாள்.
பிழிந்து, முறுக்கி,
வலைக்கயிற்றில் போடும் ஒரு முடிச்சைப் போட்டு
மாடிக்குக் கொண்டுபோனாள்.
அன்றைக்குக் கூலி வாங்க மறந்துவிட்டேன்;
புளோரிபாயும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆடியில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.
காற்று சகட்டுமேனிக்கு அடித்துக்கொண்டிருந்தது.
நெற்றியோரம் முழுக்க
விரல்நீளக் குட்டை முடிகள் நட்டுக்கொண்டு நின்றன.
எண்ணெய் வைத்துத்தான் வாரியிருந்தாள்.
அடங்கவில்லை.